ஆற்றோர வண்டல் இருவாட்டி மண்: அதன் இயல்பும் பயன்படுத்தும் முறையும்

மகாவலி கங்கை மலைநாட்டைக் கடந்து மன்னம்பிட்டியை அடையும்போது அதன் வேகம் பெரிதுந் தணிந்துவிடுகின்றது. அவ்விடத்திலிருந்து கொட்டியாரக் குடா வரையும் அவ்வாறு அகன்ற சமவெளியொன்றினூடாக வளைந்து வளைந்து செல்லும். மாரிகாலத்திலே கரைபுரண்டோடிய வெள்ளம் நெடுங்காலமாக இச்சமவெளியில் விட்டுச்சென்ற மண்ணே நாம் இன்று வண்டல் மண் என வழங்குவது. அருவியாறு, கல்லோயா, வளவை கங்கை, களனி கங்கை முதலியவற்றின் இரு மருங்கிலும் இத்தகைய மண் சிறிதும் பெரிதுமான பரப்புக்களிற் காணப்படுகின்றது.

ஆற்றோர மண் வளமுள்ளது என்பது கமக்காரர் யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆயினும் அவ்வுண்மையை மாத்திரம் நம்பிக் காணியெங்கும் ஒரே பயிரை ஒரே முறையிற் செய்வோர் ஏமாற்றமடைவதுண்டு. ஆற்றையடுத்த பகுதியில் மிளகாய்ச் செடி செழித்து நிற்க, அதே காணியின் உட்பகுதியில் நட்ட செடி முதலாவது பெருமழையுடன் மஞ்சளித்து வாடிவிடும். உட்பகுதி வயலில் ஒரு முறை கட்டிய நீர் பல நாட்கள் நிற்க, கரையோர வயலில் இரவு கட்டிய நீர் காலையில் இல்லாதொழியும். வரம்பிலே நண்டுவளை இருக்கின்றதென்று தேடுவோர் பலர். குறை வரம்பிலன்று, மண்ணிலேயே உள்ளது. இலங்கையின் மண் வகைகளை மூர்மன், பனபொக்கை என்னும் இரு அறிஞர் 1961 ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டனர். இந்நாட்டு மண் படங்களிலே வண்டல் மண்ணுக்கு எதிரே வடிகாலும் இழையமைப்பும் மாறுபடுவது என்னுங் குறிப்புக் காணப்படும். அந்த மாறுபாடு எங்கே, எவ்வாறு அமைகின்றது என்பதை அறிந்தவர்க்கே ஆற்றோரக் காணி முழுப்பயன் தரும்.

வெள்ளம் மண்ணைத் தரம்பிரிக்கும் விதம்

ஓடும் நீர் தன் வேகத்துக்கேற்ற பருமனுள்ள துணிக்கைகளையே சுமந்து செல்ல வல்லது. ஆறு கரையைக் கடந்தவுடன் நீர் அகலப் பரவுகின்றது; புல்லும் பற்றையும் அதனைத் தடுக்கின்றன; வேகம் சட்டெனக் குறைகின்றது. ஆகவே பருமனான மணல் முதலிற் படியும். மணலுடன் மாப்போன்ற நுண்மண்ணும் சிறிது களியும் கலந்து கரையை அடுத்தே தங்கிவிடும். இவ்வாறு வெள்ளந்தோறும் சிறிது சிறிதாக உயர்ந்து, ஆற்றுக்கு இணையாக நீண்டு கிடக்கும் மேட்டினைக் கரைமேடு என்போம். இருவாட்டி மண் பெரும்பாலும் இங்கேதான் உண்டு.

கரைமேட்டின் பின்புறம் நிலம் மெல்லச் சரிந்து தாழ்கின்றது. அங்கே வெள்ளம் ஓடாது தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் மிக நுண்ணிய களித் துணிக்கைகளும் நாட்கணக்கில் அசையாது கிடந்து அடியிற் படிகின்றன. ஆகையால் இப்பின்தாழ்வுகளில் உள்ளது களிமண், அல்லது களி மிகுந்த இருவாட்டி. மகாவலியின் இருபுறமும் வில்லு எனப் பெயர்பெற்ற நீர்நிலைகள் இப்பின்தாழ்வுகளின் மிகத் தாழ்ந்த இடங்களேயாம். கோடையில் அவற்றின் ஓரங்களிற் புல் வளர்ந்து மாடுகளுக்கு மேய்ச்சலாகும். அவ்வெளிகளின் ஒரு பகுதி 1984 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டமையால் ஆங்குப் பயிர்செய்கைக்கு இடமில்லை.

ஆறு காலத்துக்குக் காலம் தன் பாதையை மாற்றுமாதலின் பழைய கரைமேடுகளும் பழைய ஆற்றுப்படுகைகளும் இன்றைய ஆற்றுக்கு வெகு தொலைவிலும் இருத்தல் கூடும். வயல்வெளியின் நடுவே நீண்ட திடலொன்று காணப்பட்டு, அதில் மணல் கலந்த பழுப்பு மண் இருக்குமாயின் முன்னொரு காலத்தில் ஆறு அவ்வழி சென்றதென ஊகிக்கலாம்.

கையாலும் போத்தலாலும் அறிதல்

இருவாட்டி என்பது மணல், மண்டி, களி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாது கலந்த மண். மண்டியென்பது மணலிலும் நுண்ணியதாய்க் களியிலும் பருத்ததாயுள்ள துணிக்கை. நல்ல இருவாட்டியில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு மணலும், 40 பங்கு மண்டியும், 20 பங்கு களியும் இருக்கும். களி மற்றையவற்றிலும் பாதியளவே இருப்பினும் மண்ணின் நடத்தையை நிருணயிப்பதில் அதற்கே வலிமை அதிகம். ஆகையாற்றான் மூன்றும் சமபங்காக இருத்தல் வேண்டுமென நாம் கூறுவதில்லை.

ஒரு பிடி மண்ணை எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, நீர் தெளித்துப் பிட்டுமாப் பதத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பிசைக. உருண்டை பிடிக்கவே முடியாவிட்டால் அது மணல். உருண்டையாகி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்தும்போது பட்டியாக நீளாது உதிர்ந்தால் மணல் இருவாட்டி. ஓரங்குலத்துக்குள் நீண்டு முறிந்தால் இருவாட்டி. ஓரங்குலந் தொடக்கம் இரண்டங்குலம் வரை நீளின் களி இருவாட்டி. அதற்கு மேலும் முறியாது தொங்கினாற் களிமண். மண்டி மிகுந்த மண் கோதுமை மாவைப்போல் வழுவழுப்பாயிருக்கும். ஆனால் விரலில் ஒட்டாது. இச்சோதனைக்குப் பொருட்செலவு யாதுமில்லை. நாலைந்து முறை செய்து பழகிய கை பின்னர் பிழைபடுவது அரிது.

ஐயமிருப்பின் தெளிந்த கண்ணாடிப் போத்தலொன்றில் மூன்றிலொரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாது வைக்க. மணல் ஒரு நிமிட நேரத்துள் அடியிற் படிந்துவிடும். மண்டி சில மணி நேரத்திற் படியும். களி ஒரு நாளுக்கு மேலும் நீரைக் கலக்கி நிற்கும். வெள்ளம் சமவெளியிற் செய்யும் வேலையையே இப்போத்தல் நம் கண்முன் செய்து காட்டுகின்றது.

மேல்மண்ணைப் பார்த்தல் மாத்திரம் போதாது. வண்டல் இளமையான மண். செங்கபில மண்ணைப்போல் நெடுங்காலம் ஓரிடத்திற் கிடந்து முதிர்ந்ததன்று. ஆகவே அதன் படைகள் மண் முதிர்ச்சியினால் உண்டானவையல்ல, ஒவ்வொரு வெள்ளமும் ஒன்றன்மேலொன்றாக இட்டவை. ஓரடி நல்ல இருவாட்டியின் கீழ் அரையடி வெறும் மணலும், அதன் கீழ் இறுகிய களியும் கிடத்தல் கூடும். மூன்றடி அல்லது நான்கடி ஆழத்துக்குக் குழியொன்று தோண்டிப் பார்த்தல் அவசியம். குழியின் நிறத்தையும் கவனிக்க. முழுவதும் பழுப்பாயிருப்பின் வடிகால் நன்று. சாம்பல் நிறத்தில் துருப்போன்ற புள்ளிகள் தோன்றும் ஆழம், நிலத்தடி நீர் மாரியில் ஏறிக் கோடையில் இறங்கும் ஆழமாகும். நீலச்சாம்பல் நிறமாயின் அவ்விடம் ஆண்டு முழுவதும் நீரில் ஊறியதே. துருப்புள்ளி முக்காலடியிலேயே தொடங்குமாயின் மாரிகாலத்திற் கத்தரி, மிளகாய் ஆகியவற்றை அங்கு நடுதல் வீண்செலவு.

இருவாட்டியின் நற்குணங்கள்

பயிருக்கு வேண்டிய நீரையும் காற்றையும் ஒருங்கே கொடுப்பதே இம்மண்ணின் முதற் சிறப்பு. மணலில் நீர் தங்காது. களியிற் காற்று நுழையாது. ஓரடி ஆழமுள்ள இருவாட்டி, நன்றாக நனைந்தபின், பயிர் உறிஞ்சத்தக்க நீரை ஏறக்குறைய 2 அங்குலம் வைத்திருக்கும். அதேயளவு மணலில் ஓரங்குலமேனும் இராது. உலர்வலயக் கோடையிற் காய்கறிப்பயிர் நாளொன்றுக்கு ஓரங்குலத்தில் ஐந்திலொரு பங்கு நீரைச் செலவிடும் எனக் கொள்வோம். வேர் ஓரடி சென்ற பயிருக்கு, உள்ள நீரிற் பாதி தீரும்போது மறுபடி இறைப்பதாயின், இருவாட்டியில் ஐந்து நாளுக்கொரு முறை இறைத்தாற் போதும். மணலில் இரண்டு நாளுக்கொரு முறை இறைக்கவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த இடைவெளி இன்னும் குறுகும். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்குவோர் இக்கணக்கை மனத்திற் கொள்ளல் நன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதால் வேர் மேலேயே தங்கிவிடுகின்றது. ஆழ நனையும்படி இறைத்து இடைவெளி விடுவதே இம்மண்ணுக்கு ஏற்றது.

உழுவதற்கும் கிண்டுவதற்கும் எளிதாயிருப்பது இரண்டாவது சிறப்பு. வற்றாளை, நிலக்கடலை, வெங்காயம் போன்று மண்ணுள் விளையும் பயிர்கள் இங்கே நன்கு பருக்கும். பிடுங்கும்போதும் அறுந்து மண்ணில் நிற்பது குறைவு.

கரையோர மண்ணை வெயிலிற் பிடித்துப் பார்த்தால் மினுமினுக்கும் சிறு தகடுகள் தெரியும். இது மலைநாட்டுப் பாறைகளிலிருந்து வந்த காக்காய்ப்பொன். பொன்னன்று, ஆயினும் கமக்காரனுக்கு ஒருவகையிற் பொருளே. கரிய நிறக் காக்காய்ப்பொன் சிதையும்போது பொற்றாசியம் மெல்ல விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கின்றது. உலர்வலய ஆற்றோர மண் பெரும்பாலும் புளிப்பும் காரமும் மிகாது நடுநிலையை அண்டியிருப்பதும் ஒரு வாய்ப்பாகும். ஈரவலயத்தில், களனி கங்கை, களு கங்கை, நில்வளா கங்கை ஆகியவற்றின் தாழ்நிலங்களிலே நிலைமை வேறு. அங்கு மண் புளிப்புடையது. சில வயல்களில் இரும்பு நச்சுத்தன்மையினால் நெற்பயிரின் இலைகள் செம்பழுப்பாகின்றன. இத்துண்டுப்பிரசுரம் உலர்வலயத்தையே பெரிதும் மனத்திற் கொண்டு எழுதப்பட்டது.

குறைகள்

நைதரசனும் சேதனப் பொருளும் இம்மண்ணிற் குறைவு. இளமண் ஆதலாலும், நம் நாட்டு வெப்பத்தில் உக்கல் விரைவில் அழிந்துபோவதாலும் இக்குறை உண்டாகின்றது. கரைமேட்டு மண் வளமானதென்று பசளையிடாது விடுவோர் முதலிரண்டு போகத்தின் பின் விளைச்சல் வீழ்வதைக் காண்பர். எனினும் நைதரசன் பசளையை ஒரே முறையில் இடுதல் கூடாது. மழையுடன் அது கீழே கழுவப்படும். இரண்டு அல்லது மூன்று தடவையாகப் பகிர்ந்து இடுக.

மண்டி மிகுந்த மண்ணிற் பெருமழை வீழ்ந்து வெயில் எறித்தால் மேற்பரப்பில் ஓடுபோன்ற மெல்லிய தோல் இறுகும். வெண்டி, பயிற்றை முதலியவற்றின் முளை அதனைப் பிளந்துகொண்டு வரமாட்டாது. விதைத்த வரிசைகளின் மீது வைக்கோலை மெல்லப் பரவுதல் இதற்கு நல்ல தடை. தோல் இறுகிவிட்டால் முட்கிளையொன்றை மெதுவாக இழுத்துக் கீறிவிடலாம்.

இடையே கிடக்கும் மணற்படை ஏமாற்றவல்லது. மணலாதலால் நீர் அதனூடாக விரைந்து வடியுமென எண்ணுவோம். நடப்பது மறுதலை. நுண்மண்ணிலுள்ள சிறு துளைகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், மேலுள்ள மண் முற்றாக ஊறிய பின்னரே நீர் மணலுள் இறங்குகின்றது. அதுவரை வேர் நீரில் நிற்கும். கோடையிலோ வேர் உலர்ந்த மணலுட் செல்லாது. கீழேயுள்ள ஈரம் பயிருக்கு உதவாது போம். மணற்படை ஓரடிக்கு உள்ளேயும் ஒல்லியாயும் இருந்தால் ஆழவுழுது கலந்துவிடலாம். ஆழத்திலிருப்பின் பாத்தியை உயர்த்தி, வேர் குறுகிய பயிர்களையே அங்கு செய்தல் தகும்.

நெல்லோ, தோட்டப்பயிரோ?

கரைமேட்டில் நெல் விளையாதென்பதில்லை. மாரியில் விளையும். ஆனால் இருவாட்டி வயலில் நாளொன்றுக்கு ஓரங்குல நீர் கீழே வடிந்துபோகக் கூடும்; பின்தாழ்விலுள்ள களிவயலில் அதிற் பத்திலொரு பங்கும் வடியாது. சிறுபோகத்தில் கரைமேட்டு வயலொன்றுக்கு விடும் நீரைக்கொண்டு களிவயல் பலவற்றை விளைவிக்கலாம். வாய்க்காலின் கடைசியிலுள்ள கமக்காரர் நீரின்றி வாடும் ஆண்டுகளில் இது அயலாரின் சோற்றைப் பற்றிய கேள்வியுமாகும்.

இதிலும் பாரிய தீங்கொன்றுண்டு. வடிவதைத் தடுப்பதற்காக இருவாட்டியை எருமையாலும் உழவு இயந்திரத்தாலும் மீண்டும் மீண்டும் சேறாக்குவர். அதனால் மண்ணின் மணிக்கட்டமைப்பு உடைந்து, உழவின் அடியில் அரையடி ஆழத்தில் இறுகிய படையொன்று உண்டாகும். நெல்லுக்கு அது ஓரளவு உதவும். பின்னர் அதே நிலத்தில் மிளகாயோ கத்தரியோ நடும்போது வேர் அப்படையில் முட்டிப் பக்கவாட்டில் ஓடுவதைக் காணலாம். ஒருமுறை கெட்ட கட்டமைப்பு மீளப் பல போகங்கள் செல்லும். ஆகவே கரைமேட்டைத் தோட்டப்பயிருக்கும் சோளம், நிலக்கடலை போன்ற மேட்டுப்பயிருக்கும் ஒதுக்கி, பின்தாழ்வை நெல்லுக்கு விடுவதே எமது ஆலோசனை. இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவிலுள்ள களி இருவாட்டியில் பெரும்போகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் பயறு, கௌபி, வெள்ளரி, பூசணி முதலியனவும் செய்யலாம். அங்கே நெல் வெட்டிய பின் ஈரம் முற்றாக உலருமுன் நிலத்தைப் பண்படுத்தல் வேண்டும். பிந்தினாற் கட்டி உடையாது, முந்தினாற் சேறாகும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போடுக. உடைந்து சிதறினால் உழவுக்கு ஏற்ற பதம்.

வெள்ளத்தின் பின்

1957 டிசெம்பரிலும் 2011 சனவரியிலும் கிழக்கு மாகாணத்தைத் தாக்கியன போன்ற பெருவெள்ளங்கள் மீண்டும் வரக்கூடியனவே. நீர் வடிந்தவுடன் வயலில் இறங்கி முதலிற் பார்க்கவேண்டியது, வெள்ளம் விட்டுச்சென்றது மண்டியா மணலா என்பதே. இரண்டும் ஈரமாய்க் கிடக்கையில் ஒன்றுபோலத் தோன்றும். மேற்சொன்ன கைச்சோதனை இங்கேதான் மிகவும் பயன்படும். இரண்டு மூன்று அங்குல மண்டியாயின் அதனை அகற்றவேண்டாம். அது உலர்ந்து வெடிக்கும்வரை பொறுத்திருந்து பழைய மண்ணுடன் கலக்க. ஈரத்திலே மாட்டையோ இயந்திரத்தையோ இறக்கினால் அதுவே செங்கல்லாகிவிடும். மணல் இரண்டங்குலத்துக்கு உட்பட்டால் வழக்கமான உழவு போதும். எட்டங்குலம் வரையாயின் ஆழவுழுது அடியிலுள்ள நல்ல மண்ணை மேலே கொணர்ந்து கலத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டால் வழித்து அகற்றுவதன்றி வேறு வழியில்லை. அச்செலவு விளைச்சலால் ஈடாகுமோவென முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்க. மணல் மூடிய நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் மீட்க முயன்று கடன்படுவதிலும், நல்ல பகுதியில் முதலிற் பயிர்செய்வது விவேகம்.

நீரில் மூழ்கிய மண்ணிலிருந்த நைதரசனிற் பெரும்பகுதி வளியாக மாறியும் கழுவப்பட்டும் போயிருக்கும். ஆகையால் வெள்ளத்தின் பின் நட்ட முதற்பயிர் வெளிறித் தோன்றினால் நோயென்று மருந்து தெளிக்குமுன் நைதரசனை நினைக்க. நிலத்தை வெறுமையாக விடாது சணல் போன்ற பசுந்தாட் பயிரொன்றை விரைவில் விதைத்தல் மண்ணுயிர்களை மீட்க உதவும். வெள்ளத்தில் மூழ்கிய கீரை, வெள்ளரி முதலியவற்றைப் பச்சையாக உண்ணலாகாது.

ஆறு முன்போல் தருவதில்லை

வெள்ளம் ஆண்டுதோறும் புதுமண் இடும், ஆகவே எரு வேண்டியதில்லை என்பது முன்னோர் கண்ட உண்மை. மகாவலியைப் பொறுத்தவரை அவ்வுண்மை இப்போது குறைந்துவிட்டது. 1976 இல் பொல்கொல்லை அணையும், 1985 இல் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களும், 1986 இல் ரந்தெனிகலையும் இயங்கத் தொடங்கின. மலைச்சரிவுகளிலிருந்து கழுவப்படும் மண்ணில் ஒரு பெரும்பங்கு இவற்றின் அடியில் தங்கிவிடுகின்றது. பொல்கொல்லைத் தேக்கம் சில ஆண்டுகளுள்ளேயே பெருமளவு மண்ணால் நிரம்பியமை யாவரும் அறிந்ததே. ஆறு நமக்குக் கொண்டுவந்த எரு மலைநாட்டுத் தோட்டங்கள் இழந்த மேல்மண் என்பதையும் இங்கே குறிப்பிடாது விடுதல் நேர்மையன்று.

ஆதலின் எடுத்ததைக் கமக்காரனே திருப்பி இடவேண்டியவனாகின்றான். வைக்கோலை வயலில் எரியாது மண்ணுக்கே கொடுக்க. அறுவடையின் பின் பட்டி கட்டி மாடுகளைக் காணியின் ஒவ்வொரு மூலையிலும் மாறிமாறி அடைத்தல் நம் பழைய வழக்கம். உழவு இயந்திரம் வந்தபின் அது அருகிவருகின்றது. வேலியிற் கிளிசிரிடியா நாட்டி அதன் தழையைப் பாத்திகளில் இடலாம். ஆற்றங்கரையிலுள்ள மருத மரங்களை வெட்டுவதும், கரையின் விளிம்பு வரை உழுவதும் பிழை. அம்மரங்களின் வேரே கரைமேட்டை ஆற்றின் வாயிலிருந்து காக்கின்றது.

செங்கல் அறுப்பதற்கு மேல்மண்ணை விற்பது சில இடங்களில் நடைபெறுகின்றது. கையிற் காசு வருவதால் விற்பவரைக் குறைகூறுதல் எளிதன்று. ஆயினும் ஓரடி மண்ணை விற்றவர் தம் காணி ஓரடி தாழ்ந்துவிட்டதையும், அடுத்த மாரியில் முதலில் நீர் நிற்பது அங்கேயே என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

மண் பரிசோதனைக்கு அனுப்ப விரும்புவோர் கரைமேடு, சரிவு, பின்தாழ்வு ஆகிய மூன்றின் மண்ணையும் ஒன்றாகக் கலத்தலாகாது. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு வெட்டி, ஒவ்வொரு வெட்டின் பக்கத்திலிருந்தும் மேலிருந்து அடிவரை சீராகச் சீவி எடுத்து, சுத்தமான சாக்கிலிட்டுக் கலந்து, நிழலில் உலர்த்தி, ஓர் இறாத்தல் அளவு வேறு வேறு பைகளில் இடுக. எரு குவித்திருந்த இடம், வரம்போரம், மரநிழல் ஆகியவற்றைத் தவிர்க்க. பையின் மேல் பகுதியின் பெயரையும், முன்செய்த பயிரையும், செய்யவிருக்கும் பயிரையும் எழுதி உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம்.